முனையில் கொஞ்சம் கனம்

மேடையில் நின்று பேசுகிறவனுக்குக் கூட்டத்திலிருந்து என்னென்னவோ வரும். கைதட்டல் வரும், கொட்டாவி வரும், 'நேரமாகிவிட்டது, சுருக்கமாக முடிக்கவும்' என்று துண்டுச் சீட்டு வரும். எழுத்தாளன் என்று பெயர் வாங்கியவனுக்கு இவையெல்லாம் பழக்கந்தான். ஆனால் சென்ற ஆடி மாதம் திண்டுக்கல்லில், ஒரு பள்ளிக்கூடத்தின் இலக்கிய மன்றத் தொடக்க விழாவில் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது ஒரு காகித ஏரோப்ளேன்.

வந்து விழுந்தது என்று சொன்னால் அதற்கு அநியாயம் செய்தவனாவேன். ஏழாவது எட்டாவது வரிசையிலிருந்து கிளம்பி, முன்வரிசைப் பிரமுகர்களின் தலைக்கு மேல் பதறாமல் மிதந்து, மைக்குக்கு இடப்பக்கமாக ஒரு சின்ன வளைவு வளைந்து, மேஜைமேல் கிடந்த ரோஜாமாலைக்குப் பக்கத்தில் பூனைக்குட்டிபோல் வந்து உட்கார்ந்தது. விழாவின் நிகழ்ச்சி நிரல் தாளில் செய்தது. 'சிறப்புரை' என்று என் பெயர் அச்சிட்டிருந்த இடம் சரியாக இறக்கையில் அமைந்திருந்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். ஓர் ஆசிரியை முகம் சிவந்து எழுந்தார். நான் கையமர்த்தினேன். எழுதிக்கொண்டு போன பேச்சில் பாதிகூட முடியவில்லை. ஆனால் பழகிய வாய் அல்லவா? தாளைக் கையில் தூக்கிக் காட்டி, அந்த இடத்திலேயே ஒரு பிரசங்கம் செய்துவிட்டேன்.

"குழந்தைகளே! இது ஏன் பறந்தது தெரியுமா? மடிக்காத தாளை விட்டுப் பாருங்கள்; அப்படியும் இப்படியும் அல்லாடிக் காலடியில் விழும். இதன் முன்பக்கத்தை மடித்து மடித்துக் கனமாக்கியிருக்கிறார்கள். கனத்தை முன்னால் சுமக்கிற தாள்தான் பறக்கிறது. வாழ்க்கையும் அப்படித்தான். சுமை வந்தால் அஞ்சாதீர்கள். சுமைதான் உங்களைப் பறக்க வைக்கும்!"

பலத்த கைதட்டல். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கே என்மேல் கொஞ்சம் மதிப்பு உண்டாயிற்று.

விழா முடிந்து வெளியே வந்தேன். வாசலில் வேப்பமரத்தடியில் என் பால்ய நண்பன் நின்றிருந்தான். என் வயதுதான் அவனுக்கும், எழுபத்தெட்டு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல் இடது கைப் பெருவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தடவியபடி நின்றான். ஐம்பது வருஷம் அரம் பிடித்த கை.

"நல்லாப் பேசினடா," என்றான்.

நான் சந்தோஷப்பட்டேன்.

"ஆனா பொய்."

"எதுடா பொய்?"

"கனம் ஜாஸ்தியானா என்ன ஆகும்னு நீ சொல்லவே இல்லையே. உனக்குத்தான் தெரியுமே. நான்தானே உனக்குக் காட்டிக் கொடுத்தேன்?"

ஆம். அவன்தான் காட்டிக் கொடுத்தான். அதைச் சொல்ல வேண்டுமானால் அறுபது வருஷத்துக்கு மேல் பின்னால் போகவேண்டும்.

*

திண்டுக்கல்லைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சமவெளியில், அக்கம்பக்கத்தில் துணை ஒன்றுமில்லாமல், ஒரு மொட்டைப் பாறை எழுந்து நிற்கிறது. யாரோ சாய்ந்துகொள்ளத் திண்டு ஒன்றைப் போட்டுவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி இருக்கும். திண்டு போன்ற கல், திண்டுக்கல். அதன்மேல் நாயக்கர்கள் கோட்டை கட்டினார்கள். 1755-இல் ஹைதர் அலி இங்கே வந்து அதிகாரம் செய்தார். பிறகு திப்புவின் கையில் இருந்து, 1790-இல் கம்பெனிப் படைகளிடம் போயிற்று. சரித்திரப் புத்தகத்தில் இவ்வளவும் உண்டு. நாங்கள் அந்தக் கோட்டைமேல் ஏறிக் காகித ஏரோப்ளேன் விட்டது மட்டும் எதிலும் இல்லை.

ஏரோப்ளேன் என்றுதான் முதலில் சொன்னோம். 1957 அக்டோபரில் ரஷ்யாக்காரர்கள் ஸ்புட்னிக்கை மேலே அனுப்பிய பிறகு, எங்கள் வகுப்பில் அதே தாளுக்கு 'ராக்கெட்' என்று பெயர் மாறிவிட்டது. பெயர் மாறியதே தவிரத் தாள் மாறவில்லை. அந்தத் தாளுக்குத்தான் பெரும் பஞ்சம். நோட்டுப் புத்தகத்தில் கிழித்தால் வீட்டில் உதை. தினசரிக் காலண்டர்த் தாள் மிகவும் சிறியது. சினிமா நோட்டீஸ் ஒன்றுதான் கதி. மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு வருவார்கள். பின்னால் ஓடினால் ரோஸ், மஞ்சள், பச்சை என்று நோட்டீஸ்களை வாரி விடுவார்கள். படம் பார்க்க எங்களுக்குக் காசு கிடையாது. ஆனால் அந்தக் காலத்துப் படங்கள் அத்தனையும் எங்கள் கையால் பறந்திருக்கின்றன.

நோட்டீஸ் தாளில் ஒரு சங்கடம். அது மெல்லியது, சொரசொரப்பானது, மடிப்பு நிற்காது. நான் செய்தவை கையைவிட்டுப் போனதும் தலையைத் தூக்கும். ஒரு கணம் ஆகாயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். பிறகு வாலைக் கீழே போட்டுப் பின்பக்கமாகச் சரியும். என் நண்பன் செய்தவை அப்படிச் செய்வதில்லை.

அவன் பூட்டுப் பட்டறைக்காரர் மகன். எங்கள் ஊர்ப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாங்காய் வடிவத்தில் மாங்காய்ப் பூட்டு, சாவியைத் திருப்பும்போது மணி அடிக்கிற மணிப்பூட்டு என்று எத்தனையோ தினுசு. இரும்புத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் கையால் வெட்டி, கையால் ராவி, ஒரு சாவி இன்னொரு பூட்டில் சேராதபடி செய்வார்கள். அவர்கள் பேச்சில் அளவு என்றால் 'நூல்'தான். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. என் நண்பன் பத்து வயதிலேயே அரை நூல், கால் நூல் என்று பேசுவான்.

பட்டறையில் சிதறிக்கிடக்கும் பித்தளைத் துணுக்குகளில் நகக்கண் அளவு ஒன்றைப் பொறுக்கி, ஏரோப்ளேனின் மூக்கு மடிப்புக்குள் செருகுவான். அவ்வளவுதான் ரகசியம். அது தெரியாமல் நான் ஒரு மாதம் தவித்தேன். தெரிந்த பிறகு பேராசை பிடித்து, பெரிய துண்டாக எடுத்துச் செருகினேன். என் விமானம் கையை விட்டதும் கல்போல் நேரே மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது.

அப்போது அவன் மூன்று தாளை எடுத்து, ஒரே மாதிரி மூன்று செய்தான். ஒன்றில் துணுக்கு வைக்கவில்லை. ஒன்றில் கொஞ்சம் வைத்தான். ஒன்றில் நிறைய வைத்தான். மூன்றையும் பட்டறைத் திண்ணையிலிருந்து விட்டுக் காட்டினான். முதலாவது அல்லாடி விழுந்தது. மூன்றாவது குத்தி விழுந்தது. நடுவில் உள்ளது தெருவைக் கடந்து எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது.

"பாத்தியா? கனம் வேணும். ஆனா அளவா வேணும்," என்றான். பன்னிரண்டு வயது.

*

வாசகர்களில் யாருக்காவது இதை வாசித்ததும் கை துறுதுறுத்தால், அவன் மடிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பிரியுங்கள். நடுவில் கோடு விழும். மேல் மூலைகள் இரண்டையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தால் கூரை வீடு மாதிரி ஆகும். அந்தக் கூரையை அப்படியே கீழே மடக்குங்கள். இப்போது மேல் மூலைகளை மறுபடி நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தால், அடியில் ஒரு சிறு முக்கோண நுனி எட்டிப் பார்க்கும். அதை மேலே மடக்கினால் மற்ற மடிப்புகள் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த முக்கோணம் வெளியே தெரியும்படி இரண்டாக மடித்து, இறக்கைகளை இறக்குங்கள். இறக்கை நுனிகள் உடம்பைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். மூக்கு குத்தினால் இறக்கையின் பின் விளிம்பை அரை நூல் மேலே வளையுங்கள். தலை தூக்கினால் அந்த வளைவை நிமிர்த்துங்கள். எறியாதீர்கள், கையிலிருந்து வழிய விடுங்கள்.

மடிப்புகளைப் பிடித்துக்கொள்ளும் அந்தச் சிறு முக்கோணத்துக்கு அவன் 'பூட்டு' என்றுதான் பெயர் வைத்திருந்தான். பட்டறைப் பையன், வேறு என்ன பெயர் வைப்பான் என்று நினைத்தேன். நெடுங்காலம் கழித்து, மேல்நாட்டிலும் இதே மடிப்பு 'நாகமுரா லாக்' என்ற பெயரில் வழங்குகிறது என்று படித்து அசந்துபோனேன். லாக் என்றால் பூட்டுதானே!

ஆடி மாதம் வந்தால் திண்ணை போதாது, பாறைமேல் ஏறுவோம். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மேற்கு மலைகளுக்குக் கொடுத்துவிட்டு, எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பும். மேல்காற்று என்போம். மேற்கே பழனி மலைத்தொடர் நீலமாய்த் தெரியும், மறுபக்கம் சிறுமலை. காற்று வெறும் சமவெளியில் ஓடிவந்து பாறையில் முட்டும். முட்டிய காற்று எங்கே போகும்? பாறையோடு ஒட்டி மேலே ஏறும். அந்த ஏறுகாற்றில் பருந்துகள் சிறகை அசைக்காமல் நிற்பதை அவன்தான் முதலில் கவனித்தான்.

மேற்கு ஓரத்தில் நின்று காற்றை எதிர்த்து விட்டால் எங்கள் நோட்டீஸ் விமானங்கள் கீழே இறங்காமல் மேலே ஏறின. கிழக்கு ஓரத்தில் விட்டால், பாறையைத் தாண்டிக் கவிழும் காற்றில் சிக்கிக் குட்டிக்கரணம் போட்டு விழுந்தன. ஒரே பாறை, ஒரே காற்று. நிற்கிற பக்கத்தைப் பொறுத்து ஏற்றமும் இறக்கமும். இன்னொன்றும் கண்டுபிடித்தோம். திண்ணைக்குப் போதுமான துணுக்கு பாறைமேல் போதவில்லை. காற்று பலமாக இருந்தால் கனமும் கொஞ்சம் கூட வேண்டியிருந்தது.

நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். அதே கேள்விகளுக்காகப் பெரிய மனிதர்கள் ஆயுளையே செலவிட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி என்பவர் 1799-இல் ஒரு சிறு வெள்ளித் தகட்டில், பறக்கும் இறக்கையின்மேல் காற்று எப்படித் தாங்குகிறது, எப்படித் தடுக்கிறது என்று செதுக்கி வைத்தார். அவர் செய்த விமானம் ஒன்று 1853-இல், இயந்திரம் இல்லாமல், அவருடைய வேலைக்காரரைச் சுமந்து ஒரு பள்ளத்தாக்கைக் கடந்தது. ரைட் சகோதரர்களுக்குப் பறக்கும் ஆசையை மூட்டியது 1878-இல் தகப்பனார் வாங்கி வந்த ஒரு பொம்மை. மூங்கில், தக்கை, காகிதம், முறுக்கிய ரப்பர்... இவ்வளவுதான் அதில். நம் சென்னையிலேயே, மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டாஞ்சலிஸ் என்பவர், வண்டி கட்டும் சிம்ப்சன் கம்பெனியைக் கொண்டு ஒரு விமானம் செய்து 1910-இல் பறக்கவிட்டார். ராமேஸ்வரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு, அதோடு நிற்காமல் பிள்ளைகளைக் கடற்கரைக்கே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் அப்துல் கலாம்.

காகித விமானமும் இன்று சின்னப்பிள்ளை விஷயமாக இல்லை. 'சயன்டிபிக் அமெரிக்கன்' பத்திரிகை 1966-67-இல் சர்வதேசப் போட்டி வைத்தபோது ஏறத்தாழ 12,000 காகித விமானங்கள் வந்து குவிந்தன. ஜப்பானியரான டகுவோ டோடா 2010-இல் ஒரே தாளில் மடித்த விமானத்தை 29.2 விநாடி பறக்க வைத்தார். 2022 டிசம்பரில் அமெரிக்க இளைஞர்கள் மூவர் தங்கள் விமானத்தை 88.318 மீட்டர் தூரம் போகவிட்டார்கள். ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17-ஆம் தேதி முதல் தடவையாகப் பறந்தது 12 விநாடி. 120 அடி, அதாவது 37 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. சாதாரண ஏ4 தாளின் எடை வெறும் 5 கிராம் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இல்லையா?

எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்க வைத்தது வேறு. 2022-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், காகித விமானம் எப்படித் தடுமாறாமல் பறக்கிறது என்று ஆராய்ந்தார்கள். தாளின் முன்விளிம்பில் மெல்லிய செப்பு நாடாவை ஒட்டி, கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்தார்கள். கனமே இல்லாவிட்டால் அல்லாட்டம். முனையில் மிகுந்துவிட்டால் குத்தல். நடுவில் ஓர் அளவில் மட்டும் நேரான, அமைதியான பறத்தல். காற்று தாங்கும் இடம் இறக்கை சாய்வதற்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்ந்து, தாளைத் தானே சமன் செய்துவிடுகிறதாம். கனம் சரியான இடத்தில் இருந்தால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும்.

செப்பு நாடாவுக்குப் பதில் பித்தளைத் துணுக்கு. நியூயார்க்குக்குப் பதில் பட்டறைத் திண்ணை. அந்த மூன்று விமானங்கள் என் கண்முன் வந்து நின்றன.

*

அப்படிப்பட்டவன் எட்டாம் வகுப்போடு நின்றுபோனான்.

1960. காமராஜர் முதலமைச்சராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்துகொண்டிருந்த காலம். பள்ளிக்கூடம் இருந்தது, வாத்தியார் இருந்தார், கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் அவனுக்குத்தான் இருந்தது. ஆனால் அவன் தகப்பனாருக்குக் கண் மங்கத் தொடங்கிவிட்டது. பூட்டு வேலைக்குக் கண்தான் முதல். அவனுக்குக் கீழே மூன்று குழந்தைகள். பையன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பட்டறையில் யார் அரம் பிடிப்பது?

கடைசி நாள் சாயங்காலம் இரண்டு பேரும் பாறைமேல் ஏறினோம். அவன் தன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்திருந்தான். எத்தனையோ நாள் நாங்கள் ஆசைப்பட்டுக் கிழிக்கத் துணியாத நல்ல வெள்ளைத் தாள்! மேற்கு ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாகக் கிழித்து, ஒவ்வொன்றாக மடித்து, ஒவ்வொன்றாக விட்டான். சிவப்பு மையில் வாத்தியார் போட்ட மார்க்குகளோடு அவை ஏறிப் போயின. இருட்டுகிறவரையில் விட்டோம். கடைசியில் அட்டைதான் மிஞ்சியது. அதையும் அவன் விட்டான், அது பறக்கவில்லை.

நான் மேலே படித்தேன், வெளியூர் போனேன், எழுத ஆரம்பித்தேன். 1974-இல் இந்தச் சாயங்காலத்தை ஒரு சிறுகதையாக எழுதினேன். என் பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்த கதை அதுதான். அதில் வரும் பையன் நோட்டுத் தாள்களைப் பறக்கவிட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே கீழே இறங்குகிறான். பட்டறையில் உட்கார்ந்து, ஊரே மெச்சும் பூட்டுக்காரன் ஆகிறான். குடும்பச் சுமைதான் அவனை உயர்த்தியது என்று கதை முடிகிறது. எத்தனையோ வாசகர்கள் கண்ணீர் விட்டதாகக் கடிதம் எழுதினார்கள். என் நண்பனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவன் ஒன்றும் எழுதவில்லை. பட்டறைக்காரனுக்கு எழுத நேரம் ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து வாசலில் அவன் 'பொய்' என்றானே, அதன் பிறகு இரண்டு பேரும் ஒரு டீக்கடை பெஞ்சியில் போய் உட்கார்ந்தோம். டீ ஆறியது.

"உன் கதையை வந்த வருஷமே படிச்சேன்டா," என்றான்.

"ஒண்ணுமே சொல்லலையே நீ?"

"என்னத்தைச் சொல்றது? நல்லாத்தான் எழுதியிருந்த. பட்டறையில சத்தம் போட்டு வாசிச்சாங்க. எங்க அம்மா கேட்டு அழுதுச்சு. ஆனா, அந்தப் பையன் சிரிச்சுக்கிட்டே இறங்கினான்னு எழுதியிருக்க பாரு..." அவன் நிறுத்தினான். "நான் சிரிக்கலைடா. நீ முன்னால இறங்கிப் போயிட்ட. நான் பின்னால வந்தேன். நீ திரும்பிப் பாக்கலை."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"பட்டறை பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு தெரு அங்கிட்டுத்தானே? காலையில மணி அடிச்சா கேக்கும். கேட்டா என் கையில அரம் நின்னுரும். நாலு வருஷம் அப்படி இருந்துச்சு. எங்கப்பா ஒரு நாளும் ஏன்டா நிறுத்தினன்னு கேட்டதில்லை. மணி ஓயற வரைக்கும் அவரும் கையைக் கட்டிக்கிட்டு இருப்பாரு. அப்புறம் ரெண்டு பேரும் வேலையைப் பாப்போம்." டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். "பூட்டு வேலை எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. அதுல குறை இல்லை. ஆனா சுமைதான் பறக்க வைக்கும்னு பிள்ளைக கிட்டச் சொல்லாதடா. எவ்வளவு சுமை, யாரு எடுத்து வெச்ச சுமைன்னு அதுக கேக்க வேண்டாமா?"

எழுத்தாளன் எத்தனையோ பேருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறான். எடுத்துக்கொள்வது குற்றமல்ல; நூல் பிசகாமல் எடுக்கவேண்டும். என் கைக்கு வந்த சாயங்காலத்தில் ஓர் அழுகை இருந்தது. கதை நன்றாக முடியவேண்டும் என்பதற்காக அதை நான் சிரிப்பாக ராவிவிட்டேன். தெரிந்து செய்ததுகூட இல்லை. திரும்பிப் பார்க்காததால் செய்தது. ஐம்பது வருஷம் கழித்து, மேடையில் அதையே மறுபடியும் செய்திருக்கிறேன். மூன்றாவது விமானம் என்ன ஆயிற்று என்று தெரிந்தவன், அந்த விமானத்தை மட்டும் மறைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் பேசியிருக்கிறேன்.

*

டீக்கடைக்கு ஒரு பெண் சைக்கிளில் வந்து இறங்கினாள். பள்ளிக்கூடச் சீருடை, பதினான்கு வயது இருக்கும். "தாத்தா!" என்று அவனைக் கூப்பிட்டவள், என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றாள். அவன் பேத்தி. விழாவுக்கு அவன் வந்ததே அவளுக்காகத்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பேசுவதைக் கேட்க வந்தான் என்று எண்ணியிருந்தேன்!

சட்டைப் பையிலிருந்து அந்த நிகழ்ச்சி நிரல் விமானத்தை எடுத்தேன்.

"இது யார் விட்டது என்று உனக்குத் தெரியுமா அம்மா?"

அவள் தாத்தாவைப் பார்த்தாள். பிறகு, "நான்தான். மேடைக்கு விடலை தாத்தா. ஃபேன் காத்துல திரும்பிருச்சு," என்றாள்.

"மூக்கில் என்ன வைத்தாய்?"

"ஸ்டேப்ளர் பின். ஒண்ணு."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லலை. ரெண்டு வெச்சுப் பாத்தேன். குத்திருச்சு."

என் நண்பன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய பட்டறையை மூடிப் பல வருஷமாகிறது. அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டு மலிவாக வந்து குவிந்தபோது கைப்பூட்டு நிற்க முடியவில்லை. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. "சீட்டு வந்திருச்சு. கை எங்க இருக்கு?" என்று கேட்டான். இப்போது மாற்றுச் சாவி செய்யும் சிறு கடை வைத்திருக்கிறான். பேத்தி படிப்புக்கு அந்தக் கடை வருமானத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைக்கிறான். வீட்டில் சமையலுக்கு ஆள் வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளை நிறுத்தும் பேச்சு ஒரு தடவை வந்ததாம். அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டானாம். மறுபடி அந்தப் பேச்சு வரவில்லை.

மறுநாள் விடுமுறை. "பாறைக்குப் போவோமா?" என்று நான்தான் கேட்டேன். எழுபத்தெட்டு வயதில் இரண்டு கிழவர்கள் கோட்டைப் படி ஏறுவதைப் பார்த்து இளவட்டங்கள் சிரித்தார்கள். ஏழெட்டு இடத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவள் எங்களுக்கு முன்னால் ஓடி, ஓடி, நின்று, திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

மேலே அதே மேல்காற்று. வேட்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கீழே ஊர் பரந்துபோயிருக்கிறது. வயல்கள் இருந்த இடத்தில் வீடுகள். ஆனால் மேற்கே மலை அதே நீலம். பருந்துகளும் அதே இடத்தில் சிறகசைக்காமல் நின்றன.

அவள் ஒரு வெள்ளைத் தாளை மடித்தாள். அவன் மடிக்கும் அதே முறை. அடியில் அந்தச் சிறு முக்கோணப் பூட்டு. பையிலிருந்து ஸ்டேப்ளரை எடுத்து மூக்கில் ஒரு பின் அடித்தாள். காற்றில் கையை நீட்டிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்து இன்னொரு பின் அடித்தாள்.

"ரெண்டு வெச்சாக் குத்தும்னு சொன்னியே?" என்றான் தாத்தா.

"அது ஹாலுக்குள்ள. இங்க காத்து ஜாஸ்தி இல்ல?"

அவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் மேற்கு ஓரத்துக்குப் போய், எறியாமல், கையிலிருந்து வழிய விட்டாள். ஒரு முழம் தாழ்ந்தது. பிறகு ஏறுகாற்று அதன் அடியில் வந்து சேர்ந்தது. பருந்துகளின் மட்டத்துக்கு ஏறி, வெயிலில் ஒரு தடவை பளிச்சிட்டு, எங்கள் கிழக்கண்களுக்குத் தெரியாமல் போயிற்று. அவளுக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தெரிந்துகொண்டிருந்தது.

இறங்கும்போது அவனை முன்னால் போகச் சொல்லி நான் பின்னால் வந்தேன்.

அந்தப் பழைய கதை என் சிறுகதைத் தொகுப்பின் அடுத்த பதிப்பிலும் வரப்போகிறது. அதை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனமில்லை, அவனும் வேண்டாமென்கிறான். அதன் பக்கத்தில் இந்தக் கட்டுரையையும் சேர்த்து அச்சிடும்படி பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன்.